கண்ணாடித் தொட்டிக் கடலுக்கு யார் தண்ணீர் வார்ப்பது?



ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் வருகிறவர்கள் வழியில் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி கட்டி, கடல்நீரைத் தேக்கிவிட்டு மனிதன் ஒதுங்கிக்கொள்கிறான். மீதி வேலையை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன. நீர் ஆவியாகிப் போய்விடும். உப்புக்கு ஆவியாகத் தெரியாது. அது அடியில் தங்கிவிடும். யுத்த காலத்தில் பாழாய்க் கிடந்த அந்த இடத்தில் 2025 இல் புதிய உப்புத் தொழிற்சாலையும் திறந்தார்கள்.

அதே வேலை, சிறிய அளவில், சிலருடைய வீட்டு முன்னறையில் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது. கடல்மீன் தொட்டியைத்தான் சொல்கிறேன். நன்னீரில் நீந்தும் தங்கமீன் தொட்டி அல்ல; கடல்நீர் நிரப்பி, பாறைக்கல் அடுக்கி, கோமாளி மீனும் இறாலும் பவளப் பூச்சியும் வாழும்படி அமைக்கிற சிறு கடல். கண்ணுக்கு மிக அழகு. கவனிப்புக்கு மிகக் கடினம். மத்ரஸாவில் நஹ்வும் ஸர்பும் சொல்லிக்கொடுக்கிற ஒருவனுக்கு இந்தத் தொட்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் பாதி இப்படிப்பட்டவைதான். மார்க்கப் பாடத்தில் இல்லை என்று தட்டிக்கழிக்க எனக்கு மனம் வராது.

இந்த ஆக்கத்தைப் பெண்களுக்கு எழுதுவதற்கும் காரணம் உண்டு. தொட்டி வாங்குவது பெரும்பாலும் மகன் அல்லது அவனுடைய வாப்பா. இரண்டு கிழமைக்கு அவர்கள் அதன் பக்கத்திலேயே இருப்பார்கள். மூன்றாவது கிழமையிலிருந்து அந்தத் தொட்டியின் நீர் மட்டத்தைக் கவனிப்பவர் வீட்டில் இருக்கிற உம்மாதான். "உம்மா, தண்ணி குறைஞ்சா கொஞ்சம் ஊத்திவிடுங்க" என்று சொல்லிவிட்டு மகன் டியூஷனுக்குப் போய்விடுவான். எந்தத் தண்ணீரை, எவ்வளவு, எப்படி என்று சொல்லமாட்டான். தொட்டியின் உயிர் அந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உங்கள் தொட்டியில் 60 லீற்றர் நீர் என்றால் உள்ளே இருப்பது 2,100 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாள் யாரும் கவனிக்கவில்லை. 54 லீற்றர் நீரில் அதே 2,100 கிராம் உப்பு. லீற்றருக்குக் கிட்டத்தட்ட 39 கிராம். இப்போது "கடல்மீன் தொட்டிதானே, கடல்நீரே ஊற்றுவோம்" என்று நல்ல எண்ணத்தோடு ஒருவர் ஊற்றினால் என்ன ஆகும்? மட்டம் பழையபடி வந்துவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு லீற்றரோடும் இன்னும் 35 கிராம் உப்பு உள்ளே போகிறது. இப்படி ஒரு மாதம் நடந்தால் 30 லீற்றர் கடல்நீர் சேர்ந்திருக்கும். உப்பு 3,150 கிராம் ஆகியிருக்கும். லீற்றருக்கு 52 கிராமைத் தாண்டியிருக்கும். கடல் அல்ல, உப்பளத்தின் முதல் பாத்தி அது.

ஆகவே குறைந்தது நன்னீர். திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நன்னீர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

"ஜித்தாவுக்குப் போனபோது கண்ட கடலில் உப்பு இன்னும் அதிகமாமே, அங்கேயும் பவளம் வாழ்கிறதே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. செங்கடலில் லீற்றருக்கு 40 கிராம் அளவில் உப்பு உண்டு. அங்கே பவளம் செழித்து வளர்கிறது. ஆனால் அந்தப் பவளம் தலைமுறை தலைமுறையாக அந்த நீருக்குப் பழகியது. ஒரு கிழமைக்குள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டதல்ல. கடல்மீனுக்காவது தப்பிக்க வழி உண்டு: அது கடல்நீரைக் குடித்து, மேலதிக உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். பவளப் பூச்சிக்கும் நட்சத்திர மீனுக்கும் அந்த வசதி இல்லை. வெளியே நீர் எவ்வளவு உப்போ, உடலின் உள்ளேயும் அவ்வளவு உப்பு. நீர் மாறினால் உடலே மாறுகிறது. காலையில் 39, மாலையில் ஒரு வாளி ஊற்றியதும் 35 என்று ஏறி இறங்கினால் அவை சுருங்கிக்கொள்ளும். சில நாளில் வெளுத்துப் போகும். பெரிய தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் மெதுவாக நடக்கும். சின்னத் தொட்டி சின்னப் பிள்ளை மாதிரி, தாங்காது.

நமது குடாநாட்டில் இந்தச் சங்கடம் கூடுதல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் விரித்துப் போட்ட துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதே காற்றுத்தான் தொட்டியின் மேலும் வீசுகிறது. போதாததற்கு, பவளத்துக்கு 25 முதல் 27 பாகை வெப்பமே உகந்தது என்பதால் தொட்டியின் மேல் ஒரு சின்ன விசிறியும் பூட்டுவார்கள். விசிறி குளிர்விப்பதே நீரை ஆவியாக்கித்தான். குளிர்ச்சிக்கு விலை தண்ணீர்.

உங்கள் தொட்டியில் நாளொன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று நீங்களே அளந்துவிடலாம். கண்ணாடியின் வெளிப்புறம், நீர் மட்டத்தில் ஒரு சிவப்பு ரேப் ஒட்டுங்கள். மறுநாள் அதே நேரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அடிமட்டத்தால் பாருங்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம் உள்ள தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 1.8 லீற்றர் போய்விட்டது என்று அர்த்தம். நான்கைந்து நாள் அளந்தால் வீட்டின் கணக்கு பிடிபட்டுவிடும். மாரியில் இந்தக் கணக்கு மாறும். மறுபடி அளக்க வேண்டும்.

கையால் ஊற்றினால் போதாதா? போதும், தினமும் காலையும் மாலையும் தவறாமல் ஊற்றுவீர்களானால். ஆனால் நோன்பு மாதம் வரும், கல்யாண வீடு வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அதனால்தான் தானாக நிரப்பும் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பள்ளிவாசல் ஹவ்ழுக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு மிதவைப் பந்து இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நீர் இறங்கினால் பந்து இறங்கும், குழாய் திறக்கும். நீர் ஏறினால் பந்து ஏறும், குழாய் மூடும். வீட்டுக் கூரைத் தாங்கியிலும் இதுவேதான். மீன் தொட்டிக்குச் செய்வதும் அதன் தம்பி.

மிக எளியது கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கிற முறை. ஒரு போத்தலில் நன்னீர் நிரப்பி, மூடியில் துளையிட்டு ஒரு சிறு குழாயைப் பொருத்தி, தலைகீழாக நிறுத்துங்கள். குழாயின் வாய் சரியாகச் சிவப்பு ரேப் மட்டத்தில் இருக்க வேண்டும். மட்டம் இறங்கியதும் வாய் திறக்கும், காற்று உள்ளே போகும், நீர் வெளியே வரும். மட்டம் ஏறி வாயை மூடியதும் நின்றுவிடும். மின்சாரம் வேண்டாம். மின்வெட்டிலும் வேலை செய்யும். கெட்டியான போத்தலாக இருப்பது அவசியம். மெல்லிய பிளாஸ்ரிக் நசுங்கினால் நீர் தானாகவே கொட்டும். வெயில் படும் இடத்திலும் வைக்கக்கூடாது. போத்தலுக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்தால் நீரைத் தள்ளிவிடும். சின்னத் தொட்டிக்கு, முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு, என் விருப்பம் இதுதான்.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் குழாய். பாமசியில் புதிதாக வாங்குங்கள், பாவித்தது வேண்டாம். உயரத்தில் ஒரு கேனில் நன்னீர் வைத்து, உருளைக் கட்டையைத் திருகித் துளித்துளியாக விடலாம். சாதாரணக் குழாயில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். அப்படியானால் நாளைக்கு ஒரு லீற்றர் வேண்டுமானால் நிமிடத்துக்கு 14 துளி. ஆனால் இதற்குக் கண் இல்லை. மழைநாளில் ஆவியாவது குறைந்தாலும் அது தன் பாட்டில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே தேவையில் பாதியை அதனிடம் விட்டு, மீதியைக் கையால் ஊற்றுவது நல்லது.

மூன்றாவது, கடைக்காரர்கள் சொல்வது: மிதவைச் சுவிட்சும் சிறு பம்பும். கீழே ஒரு கேன், அதற்குள் பம்பு. தொட்டியின் விளிம்பில் சுவிட்ச். மட்டம் இறங்கினால் பம்பு ஓடும். வசதியானது, உண்மை. ஆனால் இயந்திரத்தை நம்பலாம், முழுதாக நம்பக்கூடாது. கடல்நீர் தெறித்துக் காய்ந்து உப்புப் படிந்தால் மிதவை ஒட்டிக்கொள்ளும். சில வேளை ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தாலும் போதும். மிதவை மேலே வரமாட்டாது, பம்பு நிற்காது. அப்போது கேனில் உள்ளது முழுவதும் தொட்டிக்குள் வந்துவிடும். எனவே கேனின் அளவுதான் உண்மையான பாதுகாப்பு. 60 லீற்றர் தொட்டிக்கு 5 லீற்றர் கேன் வைத்தீர்களானால், முழுவதும் கொட்டினாலும் உப்பு 35 இலிருந்து 32 அளவுக்குத்தான் இறங்கும். நீர் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயரும். விளிம்புக்குக் கீழே அந்த இடத்தை விட்டுவைத்தால் நிலமும் நனையாது, உயிர்களும் பெரும்பாலும் தப்பிவிடும். "அடிக்கடி நிரப்பத் தேவையில்லை" என்று 20 லீற்றர் கேன் வைக்கிறவர்கள் ஒருநாள் காலையில் அறை முழுவதும் தண்ணீரைக் காண்பார்கள். தொட்டியில் உப்பு 26 ஆக இருக்கும். சுவிட்ச் இரண்டு பூட்டுங்கள்: ஒன்று வழக்கமான மட்டத்துக்கு, மற்றது அதற்கு ஒரு விரல் மேலே, முதலாவது தவறினால் நிறுத்துவதற்கு. கிழமைக்கு ஒருமுறை மிதவையை வினாகிரி தொட்ட துணியால் துடையுங்கள்.

குழாயின் நுனி தொட்டி நீருக்குள் மூழ்கியிருக்கக்கூடாது. மூழ்கியிருந்தால் பம்பு நின்றதும் தொட்டி நீரே குழாய் வழியாகக் கீழே கேனுக்கு இறங்கிவிடும். கேனைத் தொட்டியைவிட உயரத்தில் வைத்தாலோ பம்பு நின்ற பிறகும் நீர் வந்துகொண்டே இருக்கும். மின்கம்பி பிளக்குக்குப் போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். கம்பி வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது. 12 வோல்ற் பம்பையே கேட்டு வாங்குங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். உப்புநீரும் 230 வோல்ற்றும் ஒரே இடத்தில், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நன்னீர் விழும் இடமும் முக்கியம். நன்னீர் பாரம் குறைந்தது. அசையாத உப்புநீரின் மேல் ஊற்றினால் மேலே தனியாக மிதக்கும். தொட்டியில் நீரோட்டம் உள்ள மூலையில் விழும்படி வையுங்கள்.

இனி, நமது ஊருக்கே உரிய கேள்வி. எந்த நன்னீர்?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நமது கிணறுகள் எல்லாம் அந்த வில்லையில் இருந்துதான் அள்ளுகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் உண்டு என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அப்படியானால் மேலே ஒரு அடி இறைத்துவிட்டால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி. நமது குடாநாடே ஒரு தொட்டிதான். வருடத்துக்கு ஒருமுறை வானம் நிரப்புகிறது.

இந்தக் கிணற்று நீரைக் கடல்மீன் தொட்டிக்கு வார்க்கக்கூடாது. சுண்ணாம்பு அதிகம், கரையோரக் கிணறுகளில் உப்பும் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளையாலும், நகரத்தில் கிணற்றுக்கு அருகே வெட்டிய மலக்குழிகளாலும் நைத்திரேற்று என்ற பொருள் சேர்ந்திருக்கிறது. நீர் ஆவியாகும், இவை ஆவியாகா. தினமும் ஒரு லீற்றர் வார்க்க வார்க்க இவை குவிந்துகொண்டே போகும். முதல் அடையாளம் பச்சைப் பாசி.

இங்கே தொட்டியை விட்டுச் சற்று அடுப்படிக்கு வரவேண்டும். கேத்தலில் நடப்பதும் இதே கணக்கு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீண்ட நேரம் கொதித்து நீர் வற்றினால் மிஞ்சிய நீரில் அதன் அளவு கூடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. மாப்பால் கொடுக்க வேண்டிய நிலை இருந்தால், உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்த பின்பே பாவியுங்கள். மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போய் இதைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது.

தொட்டிக்கு ஏற்றது ஆர்.ஓ. தண்ணீர். அல்லது மழைநீர்: ஓட்டுக் கூரையில் முதல் இரண்டு மழை கழுவிப் போன பிறகு பிளாஸ்ரிக் வாளியில் பிடித்து, மூடி வைத்தது. தகரக் கூரை நீர் வேண்டாம். அதன் நாகப்பூச்சு கரைந்து வரும். பித்தளைக் குடத்தில் வைத்த நீரும் கூடாது. பித்தளை வால்வும் கூடாது. செம்பு நமக்கு அழகான பாத்திரம், பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. ஏசி இயந்திரத்தில் சொட்டும் நீர் சுத்தமானதுதானே என்று நினைப்பார்கள். அதுவும் செம்புக் குழாய்மேல் படிந்து வருவது. குழாய் நீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். 2024 இல் வடமராட்சி கிழக்கு, தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரக்கூடிய நிலையம் திறக்கப்பட்டது. கடலிலிருந்து உப்பை நீக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். நாம் வீட்டில் உப்பைக் கரைத்துக் கடல் செய்கிறோம். விசித்திரம்தான்.

ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மண்டைதீவுப் பக்கம் போய் ஒரு பவளத்தை உடைத்து வந்து தொட்டியில் வைக்கலாம் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் தடுத்துவிடுங்கள். உயிருள்ள கற்பவளத்தை உடைத்தெடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். நமது கடலில் என்ன இருக்கிறது என்பதே இப்போதுதான் எண்ணப்படுகிறது. 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பவளத் திட்டுகளில் இலங்கையில் முன்பு பதிவாகாத 36 வகைப் பவளங்களை மரபணுச் சோதனையால் உறுதிசெய்தது. தொட்டியில் வாழ வேண்டியவை கடலில் பிடித்தவையாக அல்லாமல், குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தவையாக இருக்க வேண்டும். அதுவும் நடக்காத காரியம் அல்ல. தமிழ்நாட்டுப் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தில் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து காட்டினார்கள். இலட்சத்தீவின் அகத்தியில், இந்திய மீன் மரபணு வளப் பணியகத்தின் வழிகாட்டலில், தீவுப் பெண்களே அலங்கார இறால்களை வளர்த்து விற்கப் பழகினார்கள். அவர்களும் நம்மைப் போலச் சுற்றிவரக் கடலும் அடியில் மெல்லிய நன்னீர் வில்லையும் கொண்ட ஊர்க்காரர்கள். பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். காற்றடிக்கும் தீவில் தொட்டி நீர் குறையும் கதையை அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

தானாக நிரப்பும் ஏற்பாடு இருந்துவிட்டால் தொட்டி நீரை மாற்றவே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. மீனின் கழிவு ஆவியாகாது. கிழமைக்கு ஐந்தாறு லீற்றர் பழைய நீரை எடுத்து, அதே அளவு, அதே உப்புள்ள புதிய கடல்நீர் விடவேண்டும். அப்படி எடுக்குமுன் நிரப்பும் பம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், அல்லது போத்தலைத் தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மட்டம் இறங்கிவிட்டது என்று எண்ணி அது நன்னீரைக் கொட்டும். உப்பை அளக்க ஒரு சிறு மானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடர்த்தி 1.025 அளவில் நிற்கிறதா என்று கிழமைக்கு இருமுறை பார்த்தால் போதும்.

பெருநாளைக்குப் புத்தளத்துக்கு உறவினர் வீடு போகிற குடும்பங்கள் பல உண்டு. புறப்படுகிற அன்று புதிய ஏற்பாட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும்போதே பத்து நாள் ஓடவிட்டு, காலையும் மாலையும் ரேப்பைப் பாருங்கள். போகும்போது கேனை நிரப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைக் காட்டிக்கொடுங்கள்: நீர் இந்தச் சிவப்பு ரேப்புக்கு ஒரு விரல் கீழே போனால், மூலையில் இருக்கும் வெள்ளைக் கேனிலிருந்து ஒரு கோப்பை, மெதுவாக. மீனுக்குச் சாப்பாடு போடச் சொல்லாதீர்கள். அன்பு மிகுந்து டின்னில் பாதியைக் கொட்டிவிடுவார்கள்.